எந்த வருஷத்து லூயிஸ்?

என் வீட்டுக்காரர் வாழ்நாளில் யாரையும் கை நீட்டி அடித்ததில்லை. கொசு அடிக்கக்கூட என்னைத்தான் கூப்பிடுவார். ஆனால் குத்துச்சண்டை என்று பேச்சு வந்துவிட்டால் போதும். செத்துப்போனவன், உயிரோடு இருப்பவன், தாத்தா காலத்தவன், நேற்று வந்தவன் என்று அத்தனை பேரையும் ஒரே மேடையில் ஏற்றிவிட்டு, யார் யாரைச் சாய்ப்பான் என்று மூச்சு முட்டப் பேசுவார். கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

அவர் தொழில் சீட் தைப்பது. கார், வேன், பஸ், எந்த வண்டியாக இருந்தாலும் கிழிந்த சீட்டைப் பிரித்து, அமுங்கிப்போன ஸ்பாஞ்சை எடுத்துவிட்டுப் புதுசு வைத்து, மேலே ரெக்சின் இழுத்துத் தைத்துக் கொடுப்பார். அவர் கடைக்கு மேல்மாடியில் ஒரு பாக்ஸிங் கிளப் இருந்தது. அங்கே பையன்கள் குத்துகிற மூட்டை கிழிந்தால் கீழே இவரிடம்தான் வரும். இவரும் பழைய துணியை அடைத்துத் தைத்துக் கொடுப்பார். கூலிக்குப் பதில், போட்டி நடக்கும்போது மேடையை ஒட்டி ஒரு நாற்காலி போட்டுக் கொடுப்பார்கள். அப்படி ஒட்டிக்கொண்ட வியாதி. கிளப்பை மூடி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, வியாதி மட்டும் போகவில்லை.

அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. யாராவது வந்து, "அண்ணே, முகமது அலியும் ஜோ லூயிஸும் மோதினா யாரு ஜெயிப்பா?" என்று கேட்டால் உடனே பதில் சொல்ல மாட்டார். "எந்த வருஷத்து அலி? எந்த வருஷத்து லூயிஸ்?" என்று திருப்பிக் கேட்பார். வயதாகித் தளர்ந்த பிறகு காசுக்காக மறுபடி மேடை ஏறினாரே, அந்த லூயிஸைக் கொண்டுவந்து நிறுத்துவது அநியாயமாம். ஒவ்வொருவனையும் அவனுடைய நல்ல நாளில்தான் கூப்பிட வேண்டுமாம். மனுஷனுக்கு ஒரு நல்ல நாள் உண்டு, அன்றைக்கு அவன் எப்படி இருந்தானோ அதுதான் அவன், மீதியெல்லாம் சும்மா என்பார்.

"அப்ப உங்க நல்ல நாள் எதுங்க?" என்று நான் கேட்பேன். "நான் தூங்கும்போது வந்துட்டுப் போயிடுச்சா?"

"வரும், வரும்" என்பார். அவருக்குக் கோபமே வராது. அதுதான் எனக்குக் கோபம்.

வந்தது என்னவோ வேறு. கால் வீங்கியது, முகம் வீங்கியது, மூச்சு வாங்கியது, டெஸ்ட் எடுத்தால் இரண்டு கிட்னியும் போய்விட்டது என்றார்கள். வாரத்தில் திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் டயாலிசிஸ். காலையில் எழுந்து, பஸ் பிடித்து, ஆஸ்பத்திரியின் பின்பக்க மாடியில் ஏறி, அந்த நீண்ட அறையில் வரிசையாகப் போட்டிருக்கும் சாய்வு நாற்காலிகளில் ஒன்றில் அவரை உட்கார வைத்தால், மதியம் வரை இரத்தம் வெளியே போய் மெஷினில் சுற்றிச் சுத்தமாகித் திரும்ப உள்ளே வரும். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் நான். என் இடுப்புக்கு யாரும் டெஸ்ட் எடுக்கவில்லை. ஒரு சட்டைக் கம்பெனிக்குப் பித்தான் தைத்துக் கொடுக்கிற வேலை எனக்கு. அந்த மூட்டையையும் தூக்கிக்கொண்டே போவேன். அங்கே உட்கார்ந்து நான் தைத்த பித்தான்களை வைத்து ஒரு ஊருக்கே சட்டை மாட்டலாம்.

அலுப்பு என்றால் அப்படி ஓர் அலுப்பு. வலியைக்கூடச் சொல்லி அழலாம், அலுப்பை யாரிடம் சொல்வது? மெஷின் ஒரே மாதிரி உறுமும். ஆளாளுக்குக் கண்ணை மூடிக் கிடப்பார்கள். தண்ணீர்கூட அளந்துதான் குடிக்க வேண்டும். வெயில் நாளில் ஒரு ஐஸ் துண்டை வாயில் போட்டுக்கொண்டு, அது கரைவதற்குள் ஒரு முழு மேட்ச்சையும் மனதுக்குள் நடத்திவிடுவார் இவர். முதல் மாதமே அந்த நாற்காலியின் கைப்பிடி கிழிந்திருப்பது கண்ணை உறுத்தி, அடுத்த தடவை வளைந்த ஊசியும் நூலும் கொண்டுபோய், ஒரு பக்கத்தை என்னைப் பிடிக்கச் சொல்லி, ஊசி குத்தாத கையாலேயே தைத்துவிட்டார். சிஸ்டர் பார்த்துவிட்டுச் சிரித்தாள். அதற்கப்புறம் அந்த நாற்காலி அவருக்கென்றே ஆகிவிட்டது.

பக்கத்து நாற்காலிக்கு வந்து சேர்ந்தவர்தான் கண்டக்டர். பஸ் கண்டக்டர். நாற்பது வயதுகூட இருக்காது. பிரஷர் இருப்பதே தெரியாமல் வருஷக்கணக்கில் ஓடிக் கிட்னியைத் தொலைத்தவர். கல்யாணம் ஆகவில்லை. ஒரே ஒரு அக்கா, ஊரின் மறுகோடியில் இருந்தாள். டயாலிசிஸ் நாளெல்லாம் தவறாமல் போன் பண்ணுவாள். "நல்லாத்தான் இருக்கேன், போன வைக்கா" என்று இவர் வெட்டிவிடுவார். ஒரு நாள் நான் கேட்டேன், ஏன் தம்பி, அவங்க வந்து பக்கத்துல உக்காரலாமே என்று.

"வந்தா அழுவா, அண்ணி. எனக்கு இந்த ஊசியே போதும். அவ அழுகைய வேற யாரு பாக்கறது?"

முதல் நாள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. இரண்டாம் நாள் கண்டக்டர் போனில் ஏதோ பழைய சண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டு இவர் எட்டிப் பார்த்தார். போச்சு! அன்றோடு என் நிம்மதி போயிற்று.

கண்டக்டர் அலியின் ஆள். இவர் லூயிஸின் ஆள். ஆனால் அந்த மேட்ச்சை மட்டும் இருவரும் தொடவில்லை. அது பெரிய மேட்ச், அவசரப்படக் கூடாதாம். அதற்குப் பதில் மற்றவர்களையெல்லாம் மோதவிட்டார்கள். டைசனும் மார்சியானோவும் மோதினார்கள். ஒரு நாள் ஃபோர்மன் யாரையோ கயிற்றுக்கு வெளியே தூக்கிப் போட்டுவிட்டார் என்று இவர் எழுந்து உட்காரப் போய், ஊசி அசைந்து, மெஷின் கூவி, சிஸ்டரிடம் இரண்டு பேரும் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

அவர்கள் மேட்ச் நடத்துகிற முறையே தனி. அங்கே கையில் ஒரு பட்டை கட்டியிருப்பார்கள். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை அது தானாக இறுகிப் பிரஷர் பார்க்கும். அந்தப் பட்டை இறுகினால் மணி அடித்த கணக்கு. ஒரு ரவுண்டு முடிந்தது. சிஸ்டர் வந்து நம்பரைக் குறிக்கும்போது, அந்த ரவுண்டு யாருக்கு என்று அவள்தான் சொல்ல வேண்டும். அவளுக்குக் குத்துச்சண்டை பற்றி ஒரு மண்ணும் தெரியாது. அதனால்தான் அவளை நடுவராக வைத்தார்கள். "இந்த ரவுண்டு சாருக்கு. ஐயா ரொம்பக் கத்தினாரு" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டுப் போய்விடுவாள். அவளுக்குக் கண்டக்டர் சார், இவர் ஐயா. அப்பீல் கிடையாது.

இன்னொரு விதியும் இருந்தது. அது கண்டக்டர் விளையாட்டாகக் கொண்டுவந்தது. டயாலிசிஸில் சில சமயம் திடீரென்று பிரஷர் விழுந்துவிடும். அப்போது நாற்காலியைச் சாய்த்து, காலை உயர்த்தி, குழாய் வழியாக உப்புநீர் ஏற்றுவார்கள். யாருடைய நாற்காலியைச் சாய்க்கிறார்களோ அவருடைய ஆள் நாக் அவுட். அத்தோடு மேட்ச் முடிந்தது. பயத்தைப் பார்த்துப் பல்லைக் காட்டுகிற வேலைதான் இது. எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அவர்கள் சிரித்தார்கள், நானும் விட்டுவிட்டேன்.

போன வெயில் காலத்தில் கண்டக்டருக்குச் சிரிப்பு குறைந்துபோனது. பஸ் கம்பெனியில் இனி வண்டியில் ஏற வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் தனியாகக் கிடந்தார். பேச்சுக்கு இழுக்க இவர் எதையாவது கிளப்புவார், அவர் சுவரைப் பார்ப்பார். ஒரு திங்கட்கிழமை, ஊசி எடுத்துப் பஞ்சை அமுக்கிக்கொண்டிருக்கும்போது, சாதாரணமாக, டிக்கெட் தீர்ந்துபோச்சு என்பது போலச் சொன்னார்.

"புதன்கிழமையோட சரிண்ணே. அப்புறம் வரமாட்டேன்."

"வேற ஆஸ்பத்திரியா?" என்றார் இவர்.

"எங்கேயும் இல்ல."

நான் கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்துவிட்டேன். அங்கே வருகிறவர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும். டயாலிசிஸை விட்டுவிட்டால் ஓரிரு வாரம், அவ்வளவுதான்.

"தம்பி, என்ன பேச்சு இது? டாக்டர் கிட்ட சொன்னீங்களா?" என்றேன்.

"சொன்னேன். அவரும் ரொம்ப நேரம் பேசினாரு. நல்ல மனுஷன். போதும் அண்ணி. அத்தன வருஷம் பஸ்ல நின்னுக்கிட்டே எங்கெங்கேயோ போனேன். இப்ப உக்காந்துக்கிட்டு எங்கேயும் போகாம இருக்கேன். அண்ணன் சொல்லுவாரே நல்ல நாளுன்னு, அது எனக்கு வந்துட்டுப் போயாச்சு."

இவர் பஞ்சை அமுக்கிய விரல் அப்படியே இருந்தது. அப்புறம், "அலி, லூயிஸ் மேட்ச் பாக்கி இருக்கே" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருவன் சாகப் போகிறேன் என்கிறான், இந்த மனுஷன் மேட்ச் பாக்கி என்கிறாரே! ஆனால் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் முகத்தில் ஏதோ அசைந்தது.

"சரி. புதன்கிழமை வெச்சுக்கலாம்" என்றார்.

"சும்மா இல்ல. லூயிஸ் ஜெயிச்சா நீ தொடர்ந்து வரணும்."

"அலி ஜெயிச்சா?"

இவரால் அதைச் சொல்ல முடியவில்லை. கண்டக்டரே சொன்னார். "அலி ஜெயிச்சா என்னைய யாரும் ஒரு வார்த்த கேக்கக் கூடாது. அண்ணி, நீங்களும்தான். டாக்டருக்கும் அக்காவுக்கும் சொல்லி அனுப்புற வேலையெல்லாம் கூடாது."

"சரி" என்று இவர் ஊசி குத்தாத கையை நீட்டினார். அவரும் நீட்டினார்.

வீட்டுக்கு வந்து ஒரே சண்டை. "என்னங்க நீங்க, ஒரு உசுர வெச்சு சூதாடுறீங்களா?" என்றேன். "வேற எதுக்கு அவன் காது குடுக்கிறான், சொல்லு பாப்போம்" என்றார். சிஸ்டரிடம் காதோடு காதாகச் சொல்லி லூயிஸுக்கே எல்லா ரவுண்டையும் கொடுத்துவிடச் சொல்லலாம் என்று யோசனை சொன்னேன். பதறிவிட்டார். "காசுக்கு வித்த மேட்ச் மாதிரி ஆயிடும்டி! அவன் கண்டுபிடிச்சுடுவான். பஸ்ல பாதி டிக்கெட், முழு டிக்கெட்டுன்னு மூஞ்சியப் பாத்தே சொல்றவன் அவன்." செவ்வாய்க்கிழமை முழுக்கத் தனக்குத் தானே முணுமுணுத்துக்கொண்டு, சுவரைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டு, மேட்ச்சுக்குத் தயாரானார். வெயில் கொளுத்தியது. பேசிப் பேசித் தொண்டை காய்ந்து, எனக்குத் தெரியாமல் சமையலறையில் போய்த் தண்ணீர் குடித்திருக்கிறார். புதன்கிழமை காலையில் எடை பார்க்கும்போதுதான் குட்டு உடைந்தது. அதிகமாகக் குடித்த தண்ணீரையெல்லாம் மெஷின்தான் உறிஞ்சி எடுக்க வேண்டும். அப்படி நிறைய எடுக்கிற நாளில்தான் பிரஷர் விழும். "ஐயா, இன்னிக்கு உங்கள ஒரு கண்ணு பாத்துக்கணும்" என்று சிஸ்டர் சொல்லிவிட்டுப் போனாள்.

மேட்ச் ஆரம்பித்தது. அறுபத்தாறாம் வருஷத்து அலி. முப்பத்தெட்டாம் வருஷத்து லூயிஸ். இரண்டு பேரும் நல்ல நாளில். மொத்தம் ஏழு ரவுண்டு.

"அலி கால் தரையிலயே நிக்காதுண்ணே" என்று கண்டக்டர் எடுத்த எடுப்பில் பாய்ந்தார். "உங்காளு குத்து விடுற எடத்துல அலி இருக்க மாட்டான். போன ஸ்டாப்புல எறங்கியிருப்பான்."

"ஓடட்டும். லூயிஸ் தொரத்த மாட்டான். சின்னச் சின்னதா அடி வெச்சு, வழிய அடைச்சுக்கிட்டே வருவான். மூலைக்குப் போனப்புறம்தான் அலிக்கே தெரியும், ஆகா, மூலைன்னு."

முதல் ரவுண்டு கண்டக்டருக்குப் போனது. அடுத்ததும் போனது. மூன்றாவதில் கண்டக்டர் தானே போய் மாட்டிக்கொண்டார்.

"பில்லி கான்னு ஒருத்தன், லூயிஸ விட எத்தன கனம் கொறச்சல்! வேகமா ஆடி ஆடியே லூயிஸ திணறடிச்சான் இல்ல? அலி அவன விட எத்தன மடங்கு!"

"திணறடிச்சான். பதிமூணாவது ரவுண்டுல என்ன ஆச்சு?"

கண்டக்டர் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"சொல்லு தம்பி. சிஸ்டரம்மாவுக்குத் தெரியணும்ல, பதிமூணாவதுல என்ன ஆச்சு?"

"...படுத்துட்டான்."

"படுத்துட்டான்!" என்று இவர் கத்தியதில் எதிர் வரிசைப் பெரியவர் கண் விழித்துவிட்டார். அந்த ரவுண்டு லூயிஸுக்கு. அடுத்த ரவுண்டில் இவர் அவசரப்பட்டு, எழுபத்தொன்றில் ஃபிரேசியர் அலியைக் கீழே தள்ளியதை இழுத்தார். "எந்த வருஷத்து அலிண்ணே?" என்று கண்டக்டர் மடக்கினார். "நாம பேசுறது அறுபத்தாறு. உங்க சட்டம்தானே?" ரவுண்டு போயிற்று. அடுத்த இரண்டு ரவுண்டில் விட்டதைப் பிடித்தார். குத்து வந்தால் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு தலையைப் பின்னால் சாய்ப்பது அலியின் பழக்கம், கூப்பர் என்று ஒருவன் இடது கையால் அலியைக் கீழே தள்ளியதும் அந்தப் பழக்கத்தால்தான், லூயிஸின் இடது கை கூப்பரின் கையைவிடக் குட்டையான வழியில் வரும் என்று அவர் சொல்லச் சொல்ல, ஒன்றும் புரியாத நானே பித்தான் தைக்க மறந்து உட்கார்ந்திருந்தேன். கணக்கு சமமாயிற்று. ஒரே ஒரு ரவுண்டு பாக்கி.

அப்போதுதான் பார்த்தேன். இவருடைய தாடை இறுகியது. மூக்கு விடைத்தது. கண்ணில் நீர் கோத்தது. வாய் மட்டும் திறக்கவில்லை. கொட்டாவியை விழுங்குகிறார்!

மற்றவர்கள் கொட்டாவி விட்டால் தூக்கம் என்று அர்த்தம். இவர் அந்த நாற்காலியில் கொட்டாவி விட்டால் பிரஷர் விழப்போகிறது என்று அர்த்தம். முதல் வருஷத்திலேயே இரண்டு தடவை பார்த்தாயிற்று. கொட்டாவி வரும், அடுத்துக் கண் செருகும். இன்னும் கொஞ்சம் விட்டால் என்ன வேண்டுமானாலும் ஆகலாம்.

அவர் பேசிக்கொண்டேதான் இருந்தார். ஆனால் வார்த்தைகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு வந்தன. இரண்டாவது கொட்டாவியையும் விழுங்கினார். நான் அவர் கையைத் தொட்டேன். ஈரமாக, ஜில்லென்று இருந்தது. என்னைப் பார்த்தார். போர்வைக்கு அடியில் என் விரலைப் பிடித்து அழுத்தினார். கத்தாதே என்று அர்த்தம். பட்டை இன்னொரு தடவை இறுகட்டும், அதுவரைக்கும் பொறு என்று அர்த்தம். அந்த அழுத்தத்தில் வலுவே இல்லை.

ஒரு பக்கம் அந்தக் கண்டக்டர், எதுவும் தெரியாமல், அலியைக் காப்பாற்றக் கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருக்கிறார். நான் வாயைத் திறந்தால் அவர் ஜெயித்துவிடுவார். ஜெயித்தால் செத்துவிடுவார். இன்னொரு பக்கம் என் ஆள். நினைத்துப் பார்க்கக்கூட நேரமில்லை. யார் எக்கேடு கெட்டால் எனக்கென்ன என்றுதான் அந்த நிமிஷம் தோன்றியது. இதில் எனக்கு வெட்கமும் இல்லை.

"சிஸ்டர்!" என்று கத்தினேன். "ஓடி வா! கொட்டாவிய முழுங்குறாரு! இவரு கொட்டாவிய முழுங்குறாரு!"

சிஸ்டர் ஓடி வந்து நம்பரைப் பார்த்தாள். நாற்காலியைச் சடாரென்று சாய்த்தாள். இவர் முகம் சாம்பலாகிவிட்டது. கண் மேலே போயிற்று. உப்புநீரைத் திறந்துவிட்டு, கன்னத்தில் தட்டித் தட்டி, "ஐயா, ஐயா, இங்க பாருங்க" என்று கூப்பிட்டாள். என் மடியிலிருந்த பித்தான் டப்பா கவிழ்ந்து தரையெல்லாம் பித்தான்.

பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு குரல் வந்தது. கையில் ஊசி, எழுந்திருக்க முடியாது. கழுத்தை மட்டும் நீட்டிக்கொண்டு கண்டக்டர் கதறினார். "அண்ணே! எந்திரிங்கண்ணே! அண்ணே, எந்திரிங்க!"

கொஞ்ச நேரத்தில் கண் திறந்தது. உதடு அசைந்தது. சிஸ்டர் குனிந்து கேட்டாள்.

"ரவுண்டு...?" என்றார்.

"ரவுண்டா?" என்றாள் அவள். "ஐயா, உங்களுக்கு அறிவிருக்கா? இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா..." குழாயைச் சரிபார்க்கத் திரும்பிக்கொண்டாள்.

நாற்காலி சாய்ந்துவிட்டது. விதி விதிதான். ஊசி எடுத்ததும் கண்டக்டர் பஞ்சை அமுக்கிக்கொண்டு, எங்களைப் பார்க்காமல், கீழே சிதறிய பித்தான்களை மிதிக்காமல் தாண்டித் தாண்டிப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்தபின் இவர் என்னோடு பேசவில்லை. கோபமே வராத மனுஷனுக்கு இப்போது வந்தது. வியாழக்கிழமை மத்தியானம் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தார். "ஒரு ரவுண்டுடி. ஒரே ஒரு ரவுண்டு. அவனக் காப்பாத்தியிருப்பேன்."

"காப்பாத்தியிருப்பீங்க. உங்களத் தூக்கிட்டு வந்திருப்பேன், நாலு பேர வெச்சு" என்றேன். அழுதேன். அவர் அதையும் பார்க்கவில்லை. கண்டக்டரின் அக்காவுக்குப் போன் பண்ணிச் சொல்லலாமா என்று நூறு தடவை நினைத்தேன். நம்பரும் தெரியாது. அதோடு, யாருக்கும் சொல்லி அனுப்பக் கூடாது என்ற பேச்சுக்கு இவர் கை கொடுத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. சிஸ்டர் மெஷினைத் தயாராக வைத்திருந்தாள். "சார் இன்னும் வரல" என்றாள், நாங்கள் கேட்காமலே. இவருக்கு ஊசி போட்டாயிற்று. கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பட்டை ஒரு தடவை இறுகித் தளர்ந்தது. சிஸ்டர் நம்பரைக் குறித்துக்கொண்டு பேசாமல் போனாள். நான் ஒரே சட்டையில் ஒரே பித்தானைத் தைத்துப் பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தேன்.

கதவைத் தள்ளிக்கொண்டு முதலில் வந்தது ஒரு பருத்த அம்மாள். மாடி ஏறியதில் மூச்சு இரைக்க, வரும்போதே திட்டிக்கொண்டு வந்தாள். "லேட்டாயிடுச்சு, லேட்டாயிடுச்சுன்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேன், சட்டையத் தேடுறானாம் சட்டைய..." அவள் பின்னால் கண்டக்டர்.

இவர் வாயைத் திறந்தார். கண்டக்டர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"கேக்காதீங்கண்ணே. நான்தானே ஜெயிச்சேன்? என்னைய யாரும் ஒரு வார்த்த கேக்கக் கூடாதுன்னுதானே பேச்சு? கேக்காதீங்க."

நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டிச் சிஸ்டரிடம் கொடுத்தார். இவர் கேட்கவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது.

கண்டக்டர் என்னைக் கூப்பிட்டார். "அண்ணி, இது எங்க அக்கா." அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அன்னிக்கு நீங்க கத்துனீங்க பாருங்க. எனக்கு அப்படி ஆனா இங்க எனக்குன்னு கத்த ஆளில்ல. ராத்திரியெல்லாம் அதான் ஓடுச்சு. இவளுக்கு அந்தக் கொட்டாவி விஷயத்தக் கொஞ்சம் சொல்லிக் குடுங்க. என்ன பாக்கணும், எப்பக் கத்தணும்னு."

நான் என் ஸ்டூலில் பாதியை அந்த அம்மாளுக்குக் கொடுத்தேன். இரண்டு பேருக்கு அது போதாது, இருந்தாலும் உட்கார்ந்தோம். தம்பி முகத்தில் எதைப் பார்க்க வேண்டும், கையில் எதைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். அவள் அழுதுகொண்டேதான் கேட்டாள். கண்டக்டர் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. இவர் வழக்கம்போல முன் சீட்டின் தையலைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டு வந்தார். எனக்கு உடம்பெல்லாம் விட்டுப்போயிருந்தது. கண்ணை மூடினால் அப்படியே தூங்கிவிடுவேன்.

"உங்க நல்ல நாள் எதுன்னு கேப்பேன்ல" என்றேன். "தெரிஞ்சுபோச்சு."

"எது?"

"புதன்கிழமை."

கட்டைவிரல் நின்றது. "அன்னிக்குத் தோத்துட்டேன்டி."

"ஆமா. அன்னிக்குத்தான். இன்னொரு தடவ கொட்டாவிய முழுங்குனீங்க, நானே கொன்னுடுவேன்."

கொஞ்ச தூரம் போன பிறகு, "இந்தத் தையல் விட்டிருக்கு, பாரு" என்றார். டிக்கெட் கேட்டு ஆள் வந்தார். இரண்டு கொடுங்கள் என்று நான்தான் சொன்னேன்.